நமக்காக, நமக்குப் பதிலாக

சென்ற இதழில் நண்பர் எழுதிய கட்டுரையின் முடிவோடு எனக்குச் சண்டை இல்லை. தமிழ்க் கவிதையில் சிலுவை மலிந்துவிட்டது, ஜோடனைப் பொருளாகிவிட்டது என்கிறார். சரி. இன்னும் கடுமையாகவே சொல்லியிருக்கலாம். ஆனால் அதற்கு அவர் காட்டும் காரணம் வேறு. ஒருவன் பாவத்தை இன்னொருவன் சுமப்பது என்கிற எண்ணமே தமிழ் மனசுக்கு அந்நியமாம். பாலஸ்தீனத்தில் ஏற்றி ஐரோப்பாவில் மாற்றி இங்கே இறக்கிய சரக்காம். ஆகவே அதன் படிமமும் இந்த மண்ணில் வேர் பிடிக்காதாம். இது தவறு மட்டுமல்ல, சோம்பேறித்தனமான தவறு. நூறு பேர் படிக்கிற பத்திரிகையில் இப்படி ஒரு வாக்கியம் மறுப்பில்லாமல் நின்றுவிட்டால் நாளைக்கு அது எல்லோருக்கும் தெரிந்த விஷயமாகிவிடும். நம் வட்டத்தில் அப்படி ஆகிவிட்ட வாக்கியங்கள் ஏற்கெனவே அதிகம்.

கவிதைகளை முதலில் முடித்துவிடுகிறேன். நான் படித்த சிலுவைக் கவிதைகளில் பெரும்பாலானவற்றில் அதில் தொங்குவது கவிஞர்தான். காதலி போய்விட்டாள்: சிலுவை. வேலை கிடைக்கவில்லை: சிலுவை. விமர்சகன் திட்டிவிட்டான்: சிலுவை, கூடவே யூதாஸ், முப்பது வெள்ளிக்காசு. கடைசி வரிக்கு மூன்றாம் நாள் தயாராக இருக்கிறது. வலிக்கு இன்னொரு பெயர் மட்டுமே சிலுவை என்றால் அதற்குச் சிலுவை எதற்கு, பல்வலி போதுமே. ஸ்பார்ட்டகஸின் கலகத்தை அடக்கிய பின் கி.மு. 71-ல் ரோமாபுரி அப்பியன் சாலை நெடுக ஆறாயிரம் பேரைச் சிலுவையில் அறைந்தது. அத்தனை பேருக்கும் வலித்தது. எருசலேமுக்கு வெளியே நட்ட ஒன்றைப் பற்றி மட்டும் இரண்டாயிரம் வருஷமாகப் பேச்சு ஓயாமலிருப்பது வலியினால் அல்ல. யாருக்காக, எதற்காக என்கிற இரண்டு கேள்விகளால். அந்த இரண்டையும் கழித்துவிட்டு மிச்சமிருக்கும் மரத்தில் நம்மவர்கள் தங்களைத் தொங்கவிட்டுக்கொள்கிறார்கள்.

நான் சபைக்காரன் அல்ல. மயிலாப்பூரில், ஒரு பக்கம் கபாலி கோயில் மணியும் மறுபக்கம் லஸ் கோயில் மணியும் கேட்கிற தூரத்தில் பல வருஷம் குடியிருப்பவன். கிறிஸ்தவ இறையியலில் எனக்கு இருப்பது விசுவாசம் அல்ல, ஒரு இலக்கணப் பிரச்னை.

‘நமக்காக மரித்தார்’ என்கிறார்கள். இந்த ‘ஆக’ என்ன பொருள் தருகிறது? ‘எனக்காகப் போனான்’ என்றால் என் நன்மையை உத்தேசித்துப் போனான் என்றும் கொள்ளலாம், நான் போக வேண்டிய இடத்துக்கு அவன் போனான் என்றும் கொள்ளலாம். நன்னூலார் நான்காம் வேற்றுமைக்குச் சொல்லும் பொருள்களில் கொடை இருக்கிறது, பகை இருக்கிறது, பொருட்டு இருக்கிறது. பதில் இல்லை. பதில் என்கிற சொல்லே அரபியிலிருந்து உருது வழியாக வந்தது. மாற்றிக் கொடுப்பதற்கு நம்மிடம் பழைய சொல் ஈடு. அதை இன்று அடகுக்கடையில்தான் அதிகம் கேட்கிறோம். ‘நமக்காக’, ‘நமக்குப் பதிலாக’ இரண்டும் ஒன்றுதானா என்பதில்தான் மேற்கத்திய இறையியல் ஆயிரம் வருஷம் அடித்துக்கொண்டது.

அந்தச் சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், அதில் ரசம் குறைவு. ஆதி நூற்றாண்டுகளில் மீட்கும்பொருள் என்றால் சாத்தானுக்குக் கொடுத்த விலை என்றார்கள் சிலர். நீஸாவின் கிரிகோரி, மீனுக்குத் தூண்டில் போடுவது போல தேவத்துவத்தை மாம்சத்தில் மறைத்துச் சாத்தானை ஏமாற்றியதாகவே விளக்கினார். 1098 வாக்கில் அன்செல்ம், பாவம் என்பது கடவுளுடைய கௌரவத்துக்கு இழுக்கு, அதற்கு ஈடு செய்தாக வேண்டும் என்றார். ஜமீன்தார் காலத்து நியாயம். அவருக்கு அடுத்த தலைமுறை அபலார்ட், இது கணக்குத் தீர்ப்பல்ல, நம்மை அன்பு செய்ய வைக்கும் அன்பின் காட்சி என்றார். சீர்திருத்தக் காலத்தில் ஜமீன் கச்சேரி கிரிமினல் கோர்ட் ஆனது. சட்டம் படித்த கால்வின், கடவுளை நீதிபதியாகவும் கிறிஸ்துவைக் குற்றவாளிக் கூண்டில் நமக்குப் பதிலாக நிற்பவராகவும் நிறுத்தினார். பதிலாக என்று நிச்சயமான பிறகு அடுத்த கேள்வி தவிர்க்க முடியாதது: எத்தனை பேருக்குப் பதிலாக? ஹாலந்தில் 1618–19-ல் கூடிய டோர்ட் மகாசபை, தெரிந்துகொள்ளப்பட்டவர்களுக்கே அதன் பலன் சேரும் என்று வரையறுத்தது. வேதத்திலேயே இரண்டுக்கும் இடம் உண்டு. மாற்கில் ‘அநேகர்’, தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தில் ‘எல்லாரும்’. இந்தச் சண்டை பழங்கதையல்ல. பூசையில் கிண்ணத்தின் மேல் சொல்லும் வார்த்தை ‘எல்லாருக்காகவும்’ அல்ல, ‘அநேகருக்காக’ என்றே மொழிபெயர்க்கப்பட வேண்டும் என்று வத்திகான் 2006-ல் ஆயர்களுக்கு எழுதியது. ஆங்கிலப் பூசையில் 2011-ல் அப்படியே மாற்றினார்கள்.

டோர்ட் சபையின் குரலை நான் பெசன்ட் நகர் கடற்கரையில் கேட்டேன். துண்டுப்பிரசுரம் கொடுத்த இளைஞர், தி. நகரில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்ப்பவராம். எல்லாருக்காகவும் என்று உங்கள் வேதத்திலேயே இருக்கிறதே தம்பி என்றேன்.

“சார், எல்லாருக்காகவும் மரிச்சார்னா, நரகத்துக்குப் போறவனுக்காகச் சிந்தின ரத்தம் வேஸ்ட் ஆயிடுதே? ஒரே கடனை ரெண்டு தடவை வசூல் பண்ற மாதிரி ஆயிடும். கடவுள் அநியாயக்காரரா சார்?”

“கணக்கு இடிக்கிறது என்கிறீர்கள்.”

“டாலி ஆகணும் சார்.”

அந்தப் பையனைக் கேலி செய்ய மாட்டேன். அவர் வாதம் பதினேழாம் நூற்றாண்டில் ஜான் ஓவன் எழுதிய வாதத்தின் சாரம், தர்க்கத்தில் ஓட்டை இல்லாதது. தொடக்கம்தான் கோணல். பேரேட்டில் தொடங்கினால் டாலியில்தான் முடிய வேண்டும். நம் கவிஞர்களோடு ஒப்பிட்டால் அவர் எவ்வளவோ மேல். யாருக்காக என்ற கேள்வியை அவர் கேட்டுவிட்டார்.

இனி நண்பரின் ‘அந்நியம்’. அவரவர் வினை அவரவரோடு, ஒருவன் பாவம் இன்னொருவன் மேல் ஏறாது, இதுவே தமிழனின் நிலை என்கிறார். இந்த வாதம் எங்கிருந்து வந்தது என்று அவர் யோசித்தாரா? 1882 முதல் அடையாற்றில் தலைமையகம் வைத்துக்கொண்ட தியாசபிகல் சொஸைட்டியின் பிளாவட்ஸ்கி அம்மாள், 1889-ல் லண்டனில் வெளியிட்ட நூலில் இதே வாதத்தை இதைவிடக் காரமாக எழுதியிருக்கிறார். ஒருவன் பாவத்துக்கு இன்னொருவன் பரிகாரமாவது நீதிக்கே விரோதம், கர்மம் மட்டுமே நீதி என்பது அவர் கட்சி. ஆங்கிலிகன் பாதிரியாரின் மனைவியாக இருந்து விலகி வந்த அன்னி பெசன்ட் 1901-ல் இதே விஷயத்துக்குத் தன் புத்தகத்தில் ஒரு அத்தியாயம் ஒதுக்கிச் சற்று இறங்கிவந்தார்: ஈடு கட்டுவதல்ல, ஒன்றாவதுதான் அதன் உட்பொருள் என்று. ஆக, தமிழ் மனசின் சுத்தமான குரல் என்று நண்பர் நினைப்பது ஒரு ருஷ்யப் பெண்மணி இங்கிலீஷில் எழுதியது. அதுவும் கப்பலில் வந்த சரக்குதான்.

கர்மத்தை அவ்வளவு கறாராக நம்புகிற மயிலாப்பூரைக் காட்டச் சொல்லுங்கள். அமாவாசை காலையில் மகன் எள்ளும் தண்ணீரும் இறைக்கிறான், அப்பாவுக்குப் போய்ச் சேருகிறது. புருஷன் ஆயுசுக்கு மனைவி நோன்பிருக்கிறாள். பேரன் பரீட்சைக்குப் பாட்டி நூற்றெட்டுச் சுற்று சுற்றுகிறாள். வினை மாறாது என்பது சித்தாந்தம். மாறும் என்பது வாழ்க்கை. தமிழ்க் கதைகள் எழுந்தது இந்த இரண்டாவதிலிருந்து.

பிட்டுக்கு மண் சுமந்த கதையை நாம் குழந்தைக் கதையாக்கிக் கெடுத்துவிட்டோம். வைகையில் வெள்ளம். வீட்டுக்கு ஒரு ஆள் கரை அடைக்க வர வேண்டும் என்று பாண்டியன் உத்தரவு. ஆளில்லாத கிழவி வந்திக்குப் பதிலாக ஒரு கூலியாள் போகிறான். உதிர்ந்த பிட்டுக் கூலி. பதிலாக என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது? அவன் வேலை செய்யாமல் ஆடுகிறான், தூங்குகிறான், பிரம்படி வாங்குகிறான். அந்த அடி அங்கிருந்த எல்லார் முதுகிலும் விழுகிறது. அடித்த ராஜாவின் முதுகிலும் விழுகிறது. டோர்ட்டில் கூடியவர்களின் கணக்கு, எல்லார் மேலும் விழ வேண்டிய அடி ஒருவன் மேல் விழுந்து தீர்ந்தது என்பது. நம் கதை அதைத் தலைகீழாக்குகிறது: ஒருவன் மேல் விழுந்த அடி எல்லார் மேலும் விழுந்தது, தீரவில்லை. முதலாவதில் நான் தப்பிக்கிறேன். இரண்டாவதில் எனக்கு உறைக்கிறது. எவ்வளவு பேருக்கு என்கிற கேள்விக்கு முதலாவதில் பட்டியல் வேண்டும். இரண்டாவதில் முதுகுள்ள எல்லாரும்.

வைஷ்ணவர்களிடம் இன்னும் கூர்மையான கதை இருக்கிறது. ராமானுஜரைச் சோழன் சபைக்கு அழைக்கிறான்; போனால் ஆபத்து. கூரத்தாழ்வான் அவருடைய காஷாயத்தைத் தான் உடுத்திக்கொண்டு அவராகப் போகிறார். கண்களை இழக்கிறார். இது மாற்றாள் கதை என்பதோடு நின்றால் விசேஷமில்லை. வெகு காலம் கழித்துக் காஞ்சி வரதன் முன் நின்று, தன்னைச் சோழனிடம் காட்டிக்கொடுத்த நாலூரானுக்கு மோட்சம் கேட்டார் என்கிறது குருபரம்பரை. எல்லை எதுவரை என்கிற கேள்விக்கு ஹாலந்தில் பல மாசம் கூடிப் பேசினார்கள். இங்கே ஒரு குருடர் ஒரே வேண்டுதலில் பதில் சொல்லியிருக்கிறார்.

நண்பர் உடனே சொல்வார்: இவற்றில் பாவம் எங்கே, பரிகாரம் எங்கே, இவை பக்திக் கதைகள் அல்லவா என்று. பரிகாரத்தையும் பார்க்கலாம். புறநானூற்றின் 34-ஆம் பாட்டில் ஆலத்தூர் கிழார் கழுவாய் என்ற சொல்லைப் போடுகிறார். பசுவின் மடியை அறுத்தவனுக்கும் கருவை அழித்தவளுக்கும்கூடக் கழுவாய் உண்டு, செய்த நன்றியைக் கொன்றவனுக்கு இல்லை என்பது செய்தி. குறளின் 110-ஆவது பாட்டும் அதையே சொல்கிறது. அதாவது பரிகாரத்தின் எல்லை இன்னார் இன்னார் என்று ஆள் பார்த்துப் போட்டதல்ல, செயல் பார்த்துப் போட்டது. (வள்ளுவர் கிறிஸ்தவரா என்று 1969-ல் கிளப்பி, அவரைத் தோமாவின் சீடராக்கி மயிலாப்பூரில் உட்கார வைத்த ஆராய்ச்சியாளர்கள் இந்தக் குறளில் கொஞ்சம் தங்கியிருக்கலாம். வள்ளுவர் பரிகாரத்துக்கு எல்லை கட்டிய கட்சியில் அல்லவா போய்ச் சேருகிறார்?) சாமிநாதையர் புறநானூற்றை அச்சில் கொண்டுவந்தது 1894. அடுத்த நூற்றாண்டின் கடைசியில், 1995-ல் வந்த திருவிவிலியத்தில், பழைய மொழிபெயர்ப்பின் கிருபாதாரபலி இருந்த இடத்தில் யோவானின் முதல் நிருபத்தில் கழுவாய் வந்து உட்கார்ந்தது. அந்நியம் என்று நண்பர் சொல்கிற கருத்துக்குப் பெயர் கொடுக்கச் சங்கப் பாட்டின் சொல்லே போதுமானதாக இருந்திருக்கிறது.

அதே 1894-ல்தான் ‘இரட்சணிய யாத்திரிகம்’ வெளிவந்தது. திருநெல்வேலிச் சீமையின் கரையிருப்பில் வைஷ்ணவ வேளாளர் வீட்டில் பிறந்து, 1858-ல் மயிலாப்பூர் தூய தோமா ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்ற கிருஷ்ண பிள்ளையை நம்மில் எத்தனை பேர் படித்திருக்கிறோம்? பனியனின் மொழிபெயர்ப்பு, கம்பனின் எதிரொலி என்று இரண்டு வார்த்தையில் மூடிவிடுகிறோம். அதில் நியாயமும் உண்டு. பல இடங்களில் செய்யுள் தானாகவே ஓடுகிறது, கவிஞர் பின்னால் வருகிறார். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பனியனின் யாத்திரீகன் சிலுவையடியில் வருகிறான், முதுகுச்சுமை கழன்று உருண்டு போகிறது, அவன் மேலே நடக்கிறான். சில வரிகள்தான். கிருஷ்ண பிள்ளை அப்படி நகரவில்லை. பனியனில் இல்லாத ஒரு படலத்தையே உள்ளே வைத்துக் கிறிஸ்துவின் பாடுகளை விரித்துச் சொல்கிறார். சுமை இறங்கியவனுக்கு அவசரம் என்ன, நின்று பார்க்கட்டும் என்று நினைத்தது போல. இது கம்பனையும் ஆழ்வார்களையும் காதில் வைத்திருந்தவனின் காரியம். எனக்கு என்ன கிடைத்தது என்பதைவிட அவனுக்கு என்ன நேர்ந்தது என்பதில் மனசு தங்குகிறது.

இதைத் தத்துவமாக யோசித்தவர்களும் இந்த ஊரிலேயே இருந்தார்கள். வெங்கல் சக்கரை வக்கீல், 1903-ல் ஞானஸ்நானம் பெற்றவர், தொழிற்சங்கக்காரர், ஏ.ஐ.டி.யு.சி.யின் தலைவராக இருந்தவர். 1941–42-ல் சென்னை மேயர். சிலுவையையும் இந்தியச் சிந்தனையையும் பற்றி 1932-ல் தனிப்புத்தகம் எழுதினார். அவருடைய உறவினர் செஞ்சையா புதுக்கோட்டை சமஸ்தானத்தில் நீதிபதியாக இருந்தவர். இவர்களும் நண்பர்களும் சேர்ந்து 1938-ல், தாம்பரத்தில் உலக மிஷனரி மகாநாடு கூடவிருந்த சமயத்தில், இந்தியாவில் கிறிஸ்தவத்தை மறுபடி சிந்திப்பது பற்றி ஒரு தொகுப்பைக் கொண்டுவந்தார்கள். மகாநாட்டுக்கென்றே புத்தகம் எழுதிக்கொண்டு வந்திருந்த ஹாலந்துக்காரர் கிரேமருக்கு அது நேரடியான எதிர்வாதம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கால்வின் சட்டம் படித்தவர்; கடவுளைக் கோர்ட்டில் உட்கார வைத்தார். சக்கரை வக்கீல், செஞ்சையா ஜட்ஜ். இவர்களுக்கு அந்தக் கோர்ட் பிடிக்கவில்லை. ஒருவேளை கோர்ட்டைத் தினமும் பார்த்தவர்கள் என்பதால் இருக்கலாம். செஞ்சையாவுக்குப் பாவக்கணக்கைத் தீர்ப்பது பிரதானமே அல்ல. புது சிருஷ்டி ஒன்று பூமியில் தொடங்கிவிட்டது என்பதே செய்தி. எனக்கு அவர் சற்று அதிகமாகவே பறக்கிறார் என்று படுகிறது. சிலுவை அவரிடம் கையைவிட்டு நழுவுகிறது. சக்கரை தரையில் நிற்கிறார். அவர் சொன்னதன் சாரம்: சரித்திரத்தில் நாம் அறிந்தவர்களில் இயேசுவே அகந்தை முற்றிலும் அற்றவர், அதனாலேயே எல்லாருக்கும் உரியவர்.

இந்த ‘அதனாலேயே’ ஒரு சொல் போதும். எத்தனை பேருக்கு என்பது தலை எண்ணி முடிவு செய்கிற விஷயமாக இல்லாமல் போகிறது. நான் என்பது எவ்வளவு கரைகிறதோ அவ்வளவு விரிவு. இதை வைத்துக்கொண்டு மறுபடி நம் கவிதைகளுக்கு வாருங்கள். உலகத்திலேயே நான் என்பது அற்றுப்போன இடம் என்று சொல்லப்படுகிற மரத்தை எடுத்து, அதன்மேல் தன் ‘நான்’-ஐ ஆணியடித்து மாட்டுகிறார்கள். அது அந்நியப் படிமம் என்பதால் வேர் பிடிக்காமல் போகவில்லை நண்பரே. அகந்தையினால் பிடிக்கவில்லை.

சபைகளையும் சும்மா விட்டுவிட முடியாது. எல்லாருக்காகவும் என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் அறிக்கை செய்கிறவர்கள் அந்த எல்லாரை எங்கே நிறுத்தினார்கள்? சபைக்குள் சாதி வித்தியாசம் கூடாது என்று 1833-ல் பிஷப் டேனியல் வில்சன் சுற்றறிக்கை அனுப்பியபோது தஞ்சையிலும் வேப்பேரியிலும் கலகமே வந்தது. ஒரே கிண்ணத்தில் பந்தி முடியாது என்றவர்கள் அஞ்ஞானிகள் அல்ல. கீர்த்தனைகளால் இன்றும் கொண்டாடப்படுகிற வேதநாயக சாஸ்திரியாரும் சாதியாசாரத்தின் பக்கமே நின்றார். தோத்திரப் பாட்டில் சர்வலோகம், பந்தியில் தனி வரிசை. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் செத்த தலித் கத்தோலிக்கரைச் செத்த மற்றவர்களிடமிருந்து பிரிக்கக் கட்டிய சுவர் எத்தனையோ வருஷம் செய்தியில் அடிபட்டது. பரிகாரத்துக்கு எல்லை வகுக்க ஹாலந்தில் ஒரு மகாசபை தேவைப்பட்டது. இங்கே ஒரு கொத்தனார் போதும். பெசன்ட் நகர்ப் பையன் குறைந்தபட்சம் தன் எல்லையை வாய்விட்டுச் சொன்னார்.

பலி என்கிற சொல்தான் என்னை இதை எழுத வைத்தது. கடவுளுக்குக் கொடுப்பதும் பலி. லாரி மோதி மூவர் பலி, கூரை இடிந்து சிறுமி பலி, விஷச்சாராயத்துக்குப் பதினாறு பேர் பலி என்று தினசரி காலையில் டீக்கடையில் படிப்பதும் பலி. தன்னைக் கொடுப்பவனுக்கும் அடிபட்டுச் சாகிறவனுக்கும் தமிழில் ஒரே சொல்லாகிவிட்டது. இது மொழியின் குறை என்று விட்டுவிடலாம், அதில் மறைகிற ஆள் இல்லாவிட்டால். லாரிக்குப் பலி என்றதும் லாரியை ஓட்டியவன் மறைகிறான், சாராயம் விற்றவன் மறைகிறான். செத்தவன் எதற்கோ நேர்ந்துவிடப்பட்டவன் போல் ஆகிவிடுகிறான். என் உயிரை யாரும் பறிப்பதில்லை, நானே கொடுக்கிறேன் என்று சொன்னதாக யோவான் எழுதிவைத்திருப்பதன் முழு அர்த்தமும் இந்த வித்தியாசத்தில் இருக்கிறது. கொடுத்தவனைப் பற்றி மட்டுமே நமக்காக என்று சொல்ல உரிமை உண்டு. பறிக்கப்பட்டவர்களைப் பற்றி அப்படிச் சொல்வது, பறித்தவனுக்குச் செய்கிற ஊழியம்.

தண்டனைக் கோட்பாட்டின் ஆபத்தும் இதே. அதில் கடவுளே பறிப்பவர். தகப்பன் அடித்தார், மகன் வாங்கிக்கொண்டான், கணக்கு முடிந்தது. அடி எங்காவது விழுந்தால் போதும், யார் மேல் என்பது இரண்டாம்பட்சம் என்று ஒரு தடவை ஒப்புக்கொண்டுவிட்டால் பிறகு யார் மேல் விழுந்தாலும் அதற்கு ஒரு நியாயம் கிடைத்துவிடும். இதற்கு மாற்றாக, 1980-களில் சென்னை குருகுலத்தில் அர்விந்த் நிர்மல் போன்றவர்கள் தலித் இறையியலைப் பேசினார்கள். கிறிஸ்துவே ஒடுக்கப்பட்டவர் என்றார்கள். கோர்ட்டிலிருந்து சேரிக்கு வந்தது பெரிய காரியம். ஆனால் அங்கேயும் ஒரு பள்ளம் உண்டு. துன்பம் தானாகவே ரட்சிக்கும் என்று பாட ஆரம்பித்தால், துன்பப்படுகிறவனை அப்படியே இருக்கச் சொல்கிற பழைய பாட்டாகிவிடும்.

தி. நகரில் ரயில்பாதைக்கு அடியில் போகிற சுரங்கப்பாதைக்கு அரங்கநாதன் பெயர். 1965 ஜனவரியில் இந்தித் திணிப்பை எதிர்த்துத் தீக்குளித்த விருகம்பாக்கம் அரங்கநாதன். அதற்கு முந்தைய வருஷம் திருச்சியில் சின்னசாமி. இவர்கள் கொடுத்தவர்கள், தமிழுக்காக என்கிற ‘ஆக’ அவர்களுக்குப் பொருந்தும். சரியா தப்பா என்பது வேறு விவாதம். அந்தச் சாவை யார் யார் தங்கள் பெயரில் வரவு வைத்துக்கொண்டார்கள் என்பதும் வேறு விவாதம். மழைக்காலத்தில் அந்தப் பாதையில் தண்ணீர் நின்று போக்குவரத்து திருப்பிவிடப்படுகிறபோதுதான் அந்தப் பெயர் செய்தியில் வருகிறது.

கீழவெண்மணி அப்படியல்ல. 1968 டிசம்பர் 25 ராத்திரி ஒரே குடிசைக்குள் எரிந்துபோன 44 பேர் எதற்காகவும் தங்களைக் கொடுக்கவில்லை. கூலி கேட்டார்கள், வீட்டுக்குள் ஒளிந்தார்கள், பூட்டிக் கொளுத்தினார்கள். கீழ்க்கோர்ட் தண்டித்த நிலச்சுவான்தார்களை ஹைகோர்ட் 1970-களில் விடுவித்தது. தேதி கிறிஸ்துமஸ் ஆகிவிட்டதே, நம் கவிஞர்களுக்கு வேறென்ன வேண்டும்? வெண்மணியைக் கல்வாரியாக்கி, நெருப்பை யாகமாக்கி, சாம்பலிலிருந்து விடியலை எழுப்பிய கவிதைகளை நான் படித்திருக்கிறேன். நல்லெண்ணத்தோடு எழுதியவைதான். ஆனால் அவை எல்லாவற்றிலும் அந்த 44 பேர் நமக்காக இறக்கிறார்கள். நம் விழிப்புக்காக, நம் புரட்சிக்காக, நம் கவிதைக்காக. பிட்டுக் கதையின் ராஜாவுக்காவது முதுகில் உறைத்தது. இவற்றில் எழுதியவன் முதுகில் தழும்பு இல்லை. அடித்தவர்கள் பக்கத்துச் சாதி, பக்கத்து நிலம், பக்கத்துக் கோர்ட் என்பதோ, அதில் தான் எங்கே நின்றோம் என்பதோ வருவதில்லை. தீ வருகிறது, சிலுவை வருகிறது, விடியல் வருகிறது.

சிலுவையைக் கவிதையிலிருந்து அப்புறப்படுத்த வேண்டும் என்கிற நண்பருக்கு நான் சொல்வது, அதை வைத்துக்கொண்டு அதன் இரண்டு கேள்விகளையும் திருப்பிக் கேளுங்கள் என்பதுதான். யாருக்காக என்று கேட்டால் எழுதுகிறவன் தன் இடத்தைச் சொல்லியாக வேண்டும். எதற்காக என்று கேட்டால் கொளுத்தியவனின் பெயரைச் சொல்லியாக வேண்டும். வெண்மணி நினைவுத்தூணில் இறந்தவர்களின் பெயர்கள் இருக்கின்றன. நான் படித்த கவிதைகள் ஒன்றில்கூட அவற்றில் ஒரு பெயர் இல்லை.